ஆறு வேளைச் சாப்பாடு

காயத்ரியின் வாயில் பழ வாசனை அடிக்கிறது என்று முதலில் கண்டுபிடித்தவள் அவளுடைய அம்மா கன்னியம்மாதான். பங்குனி வெயில் இறங்காத ஒரு சாயங்காலம், காலேஜிலிருந்து வந்த பெண் செருப்பைக்கூடக் கழற்றாமல் குடத்தடிக்குப் போய்ச் சொம்பு சொம்பாகத் தண்ணீர் மொண்டு குடித்துக்கொண்டிருந்தாள். கன்னியம்மா அவள் தாடையைப் பிடித்துத் திருப்பி மோந்து பார்த்தாள்.

"வாயப்பயம் துன்னியாடி?"

"துன்னலம்மா."

"இந்த மூக்கு மீன் வாசனைக்கே ஏமாறாத மூக்குடி. பயம் துன்னுட்டு வந்து யாராண்ட கத வுடற?"

காயத்ரி இன்னொரு சொம்பு மொண்டாள். அடுப்படியில் நின்று இதைக் கேட்டுக்கொண்டிருந்தாள் அந்த வீட்டின் மருமகள் வேதவல்லி. அவளுக்கும் அந்த வாசனை இரண்டு மூன்று நாளாகத் தெரிந்துதான் இருந்தது. கனிந்து, கனிந்ததற்கும் மேலே போய்விட்ட பழத்தின் வாசனை. ஆனால் நாத்தனாரைப் பற்றி மாமியாரிடம் சொல்லி வைக்கிற பழக்கம் அவளுக்கு இல்லை.

காயத்ரிக்குச் சர்க்கரை நோய் என்று தெரிந்தது அதற்கு முந்தின ஐப்பசியில், இரண்டாயிரத்து ஒன்றாம் வருஷம். தாம்பரம் பக்கத்துக் காலேஜ் ஒன்றில் வேதியியல் முதல் வருஷம் சேர்ந்து நாலைந்து மாதம்தான் ஆகியிருந்தது. சுடிதார் தோளில் நிற்காத அளவுக்கு மெலிந்துபோனவளைச் செங்கல்பட்டில் டாக்டர் நரசிம்மனிடம் காட்டினார்கள். பிள்ளைகளுக்கு வருகிற வகை இது, மாத்திரைக்குக் கேட்காது, காலையும் மாலையும் ஊசிதான், ஆயுசுக்கும் ஊசிதான் என்று அவர் சொல்லிவிட்டார். கன்னியம்மா அங்கேயே உட்கார்ந்து அழுதாள். டாக்டர் அழுகிறவளை விட்டுவிட்டு, அழாமல் நின்ற வேதவல்லியைப் பார்த்துப் பேசினார். ஊசி உள்ளே போனால் அது பாட்டுக்கு வேலை செய்துகொண்டே இருக்கும், அதற்கு ஈடாகச் சாப்பாடும் நேரத்துக்குப் போய்க்கொண்டே இருக்க வேண்டும், மூன்று வேளையை ஆறாகப் பிரித்துக் கொடுக்க வேண்டும், மொத்தமாகத் தின்றாலும் ஆபத்து, பட்டினி போட்டாலும் ஆபத்து என்றார்.

வேதவல்லி திருக்கழுக்குன்றத்துப் பெண். ப்ளஸ் டூ முடித்தவள். மேலே படிக்க ஆசைப்பட்டு, கல்யாணம் குறுக்கே வந்து நின்றுபோனவள். இந்த ஆறு வேளையை ஒரு காலேஜ் பெண்ணின் நாளுக்குள் பொருத்துகிற வேலையை அவள் ஒரு கணக்குப் போடுவதுபோல ஆசையாகச் செய்தாள். புதுப்பட்டினத்தில் விடிகாலை பஸ் ஏறுவதற்கு முன் ஊசியும் இட்லியும். செங்கல்பட்டில் மின்சார ரயில் கிளம்பி நடுவழியில் ஒரு பிடி சுண்டல். இரண்டாவது வகுப்புக்கும் மூன்றாவதற்கும் இடையில் கேழ்வரகு அடை பாதி. மதியம் சோறு குறைத்துக் காய் நிறைய. திரும்பும் ரயிலில் மோரும் பொட்டுக்கடலையும். ராத்திரி ஊசிக்குப் பிறகு தோசை. எல்லாவற்றுக்கும் குட்டிக் குட்டி டப்பா. பையைத் தூக்கினால் பாத்திரக்கடை மாதிரி சத்தம் வரும். ரயிலில் பெண்கள் பெட்டித் தோழிகள் காயத்ரிக்கு ஆறு வேளை என்றே பெயர் வைத்துவிட்டார்கள். வகுப்பில் வாய் அசைகிறது என்று ஒரு லெக்சரர் வெளியே போகச் சொன்னபோது, அவள் நிதானமாக வராந்தாவில் நின்று அடையைத் தின்று முடித்து, வாயைத் துடைத்துக்கொண்டு, உள்ளே வரலாமா மேடம் என்று கேட்டாளாம். வீட்டில் அதை நடித்துக் காட்டியபோது கன்னியம்மாகூடச் சிரித்தாள்.

பொங்கலுக்குள் அவள் கன்னம் உப்பிவிட்டது. சிறுநீரில் சர்க்கரை இருக்கிறதா என்று பார்க்க டாக்டர் ஒரு நீலத் தண்ணீர் கொடுத்திருந்தார். அதைச் சோதனைக் குழாயில் ஊற்றி, சிறுநீர் எட்டுச் சொட்டு விட்டுச் சூடு காட்டினால், நீலமாகவே இருந்தால் நல்லது, பச்சையானால் கவனம், செங்கல் நிறமானால் கெட்டது. வேதியியல் படிக்கிற பெண்ணுக்கு அது விளையாட்டு. நீலமாக நின்ற குழாயை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து, "பாத்தியா அண்ணி, வானம்," என்பாள்.

மருந்தைக் குளிர்ச்சியில் வைக்க வேண்டும். ஃப்ரிட்ஜில் கீழ்த்தட்டில் வையுங்கள், மேலே ஃப்ரீசரில் வைத்துவிடாதீர்கள் என்று டாக்டர் சொல்லத்தான் சொன்னார். அந்த வீட்டில் ஃப்ரிட்ஜே கிடையாது. இல்லாத ஃப்ரிட்ஜின் மேல்தட்டைப் பற்றிய எச்சரிக்கை யார் காதிலும் தங்கவில்லை. கிளினிக்கில் இருந்த நர்ஸ்தான் புதுப் பானையில் தண்ணீர் ஊற்றி, அதில் மருந்து டப்பாவை மிதக்க விடச் சொன்னாள். ஐப்பசியிலிருந்து மாசி வரை மருந்து பானையில்தான் இருந்தது. மாசி முடிவில் வெயில் திரும்பியது.

காயத்ரியின் அப்பா தர்மராஜ் கடலுக்குத் தள்ளி இருந்த ஊர் ஒன்றின் விவசாயக் குடும்பத்துக்காரர். நிலத்தை விற்றுவிட்டுப் புதுப்பட்டினத்துக்கு வந்து, கரையில் மீன் எடுத்து ஐஸ் போட்டு, சொந்த வேனில் செங்கல்பட்டு மார்க்கெட்டுக்கு அனுப்புகிற தொழிலில் நிலைத்தவர். வேனை ஓட்டுவது மகன் பன்னீர்செல்வம், வேதவல்லியின் கணவன். தர்மராஜ் அனுப்பிய மீன் கெட்டுப்போயிருந்தது என்று இன்றுவரை ஒரு வியாபாரி வாய் திறந்து சொன்னதில்லை. உடைத்த ஐஸைப் பரப்பி, அதன்மேல் கல்லுப்பை வாரி இறைப்பார். உப்புப் பட்ட ஐஸின் குளிர் வேறு. கையை வைத்தால் கடிக்கும். மீன் விறைத்துக் கட்டைபோலப் போய் இறங்கும்.

ஒரு நாள் மத்தியானம் பானைத் தண்ணீரில் விரலை விட்டுப் பார்த்துவிட்டு அவருக்கு முகம் மாறிவிட்டது. "வெந்நி மாரி கீது. இதுல கீற மருந்து இன்னாத்துக்கு ஆவும்? ஊருக்கெல்லாம் ஐஸ் போடறவன் பெத்த பொண்ணுக்குப் போட மாட்டனா?" என்றார்.

மீன் வாடை படாத புதுத் தெர்மாகோல் பெட்டி ஒன்றை அதற்கென்றே வாங்கி வந்தார். தினமும் சாயங்காலம் தன் கையாலேயே ஐஸை உடைத்து நிரப்பி, உப்புத் தூவி, நடுவில் குழி பறித்து மருந்தை வைத்து மூடுவார். வெளியூருக்குப் போகும் வஞ்சிரத்துக்குச் செய்கிற மரியாதை அது. அதை மகளின் மருந்துக்கும் செய்தார். காலையில் வேதவல்லி எடுக்கும்போது புட்டி கல்லாக இருக்கும். உள்ளங்கைகளுக்கு நடுவில் வைத்து உருட்டி உருட்டி உருக வைப்பாள். முன்பும் அது பால்போலத்தான் இருக்கும், உருகின பிறகும் பால்போலத்தான் இருந்தது. அடியில் மட்டும் திப்பித் திப்பியாக ஏதோ ஒட்டிக்கொண்டிருந்தது. உறைந்துபோன இன்சுலின் உருகினாலும் மறுபடி மருந்தாகாது என்பது அந்த வீட்டில் ஒருவருக்கும் தெரியாது.

அதிலிருந்து குழாய் நீலமாக நிற்கவில்லை. பச்சையானது. பிறகு தினமும் செங்கல் நிறம்தான். கூடவே காயத்ரிக்குப் பசி வந்தது. சாதாரணப் பசி இல்லை. தட்டைக் கழுவி வைத்த கையோடு அடுப்பைத் திரும்பிப் பார்க்கிற பசி. தின்னத் தின்ன உடம்பு இளைத்தது. உடம்பு உணவை உள்ளே எடுக்க முடியாமல் சிறுநீரில் கொட்டிவிட்டுத் தன்னையே எரித்துக்கொண்டிருக்கிறது, அதனால்தான் இந்தப் பசி என்று சொல்ல அங்கே யாருமில்லை. பார்த்தவர்களுக்குத் தெரிந்தது ஒன்றுதான். சர்க்கரை ஏறுகிறது, பெண்ணுக்கு நாக்கு அடங்கவில்லை. அப்படியானால் வெளியே தின்கிறாள்.

தர்மராஜ் ஆறு வேளையை மூன்றாக்கினார். அப்படியும் குழாய் சிவந்தபோது ராத்திரித் தோசையை ஒன்றாக்கினார். டாக்டர் ஆறு வேளை கொடுக்கச் சொல்லியிருக்கிறார் மாமா, ஒரு தடவை போய்க் கேட்டுவிட்டு வரலாம் என்று வேதவல்லி சொல்லிப் பார்த்தாள்.

"டாக்டரு சொன்னது யோக்கியமாத் துன்றவங்களுக்கு. திருட்டுத் தீனி துன்றவளை இட்டுகினு போய் நான் அவராண்ட இன்னா சொல்றது? கொஞ்ச நாளு வாயக் கட்டட்டும். எறங்குன அப்பறம் போலாம்," என்றார் அவர்.

அவர் கொடுமைக்காரர் இல்லை. மகளின் தட்டு காலியாக இருக்கும்போது தன் தட்டிலும் பாதியை அப்படியே வைத்துவிட்டு எழுந்துவிடுவார்.

பழ வாசனை வந்த பிறகு கன்னியம்மா ஒரு முடிவுக்கு வந்தாள். நாளைக்கு நீயும் கூடப் போ, எங்கே என்ன தின்கிறாள் என்று கண்ணால் பார்த்துவிட்டு வந்து சொல் என்று மருமகளிடம் சொன்னாள். வேதவல்லிக்கு அது கூச்சமாக இருந்தது. ஆனாலும் போனாள். தான் பார்த்துவிட்டு வந்து சொன்னாலாவது இவர்கள் நம்புவார்கள் என்று நினைத்தாள்.

ரயிலில் ஜன்னல் ஓரத்தில் உட்கார்ந்ததும் காயத்ரி அவளைப் பார்த்துச் சிரித்தாள். கன்னத்தில் எலும்பு தெரிந்தது.

"சிஐடி வேலைக்கு எங்கம்மா இன்னா சம்பளம் குடுக்குது அண்ணி?"

"உன்கூட ரயில்ல வரதே சம்பளந்தான். நான் தாம்பரம் பாத்து எத்தினி நாளாச்சு."

"அப்ப நல்லாப் பாத்துக்கோ. என்னையும் பாத்துக்கோ. இன்னிக்கி ஒரு நாளாவது யாரும் என்னைத் திருடினு சொல்லக் கூடாது."

வேதவல்லி நாள் முழுக்கப் பார்த்தாள். சமோசாக் கூடை பெட்டிக்குள் வந்தபோது அந்தப் பெண் முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டதைப் பார்த்தாள். மிளகாய்ப்பொடி போட்ட கொய்யாவைத் தோழி நீட்டியபோது, அண்ணி இருக்காங்கடி என்று வேடிக்கையாகச் சொல்லி மறுத்ததைப் பார்த்தாள். குழாய் கண்ட இடத்திலெல்லாம் காயத்ரி தண்ணீர் குடித்தாள். குடித்த தண்ணீருக்கு ஒதுங்க இடம் தேடி ஓடினாள். மாடி ஏறும்போது நடுவில் நின்று கைப்பிடியைப் பிடித்துக்கொண்டாள். மதியம் டப்பாவில் இருந்த தயிர்ச்சோற்றை விரலால் வழித்துத் தின்றாள். வேதவல்லி தன் பங்கை அவள் பக்கம் தள்ளினாள். காயத்ரி அதையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, வேணாம் அண்ணி, சாயங்காலம் குழாய் செவந்தா நீயுந்தான் மாட்டிப்ப என்று மூடி வைத்துவிட்டாள்.

திரும்பும் ரயிலில் அவள் வேதவல்லியின் தோளில் சாய்ந்து தூங்கிப்போனாள். வாய் லேசாகத் திறந்திருந்தது. அதிலிருந்து அந்த வாசனை வந்தது. காலையிலிருந்து ஒரு பழத்தைத் தொடாத பெண்ணின் வாயிலிருந்து, முன்பைவிடக் கனமாக வந்தது. இது தின்றதால் வருவதில்லை. உள்ளேயிருந்து வருகிறது.

செங்கல்பட்டில் இறங்கியதும் நேராக டாக்டரிடம் போகலாம் என்றாள். காயத்ரி அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். நாளைக்கு பிராக்டிகல் பரீட்சை, இப்போது போய் டாக்டர் படுக்க வை என்று சொல்லிவிட்டால் ஒரு வருஷம் போய்விடும், அப்பா அதோடு படிப்பை நிறுத்திவிடுவார், நாளைக்கு முடித்த கையோடு வருகிறேன் என்று கெஞ்சினாள். வேதவல்லி கேட்கவில்லை. கிளினிக்குக்கு இழுத்துக்கொண்டுதான் போனாள். டாக்டர் அன்று சாயங்காலம் உட்காரவில்லை, காலையில் வாருங்கள் என்றார்கள்.

வீட்டுக்கு வந்து அவள் மாமனாரிடம் நடந்ததைச் சொன்னாள். ஒரு பழம் தின்னவில்லை, ஒரு கடலை தின்னவில்லை, நான் கூடவே இருந்தேன், இது வேறு என்னவோ என்றாள்.

"நீ கூட இருந்த, அதான் துன்னல," என்றார் தர்மராஜ். பிறகு மருமகளின் முகத்தைப் பார்த்துக் குரலைத் தணித்துக்கொண்டு, "சரிம்மா. காலையில நீயும் போ. பரிச்ச முடியட்டும், பன்னீர் வேனை எடுத்துகினு வருவான், டாக்டராண்ட காட்டிட்டு வந்துருங்க," என்றார்.

அன்று ராத்திரிச் சாப்பாட்டில் காயத்ரி தன் ஒரு தோசையைத் தின்றுவிட்டுத் தட்டை எடுக்காமல் உட்கார்ந்திருந்தாள்.

"நைனா, பசிக்குது. இன்னும் ஒண்ணே ஒண்ணு."

தர்மராஜ் தோசைத் தட்டைத் தன் பக்கம் இழுத்து வைத்துக்கொண்டார். "பொறுத்துக்க பாப்பா. உன் நல்லதுக்குத்தான்," என்றார். அவள் சரி என்று எழுந்து கை கழுவிக்கொண்டாள்.

காலையில் அவள் வாந்தி எடுத்தாள். பரீட்சைப் பயம் என்று தானே சொல்லிக்கொண்டு கிளம்பினாள். பஸ்ஸில் கண்ணை மூடியே வந்தாள். செங்கல்பட்டு ரயில் நிலையப் படிகளை ஏறி இறங்கியதும் பிளாட்பாரத்தில் உட்கார்ந்தவளால் எழுந்திருக்க முடியவில்லை. வெகு தூரம் ஓடி வந்தவளைப்போல மூச்சு இரைத்தது. ரயில் வந்து நின்றது. பெண்கள் பெட்டியிலிருந்து யாரோ ஆறு வேளை, ஏறுடி என்று கூப்பிட்டார்கள். ரயில் போய்விட்டது. வேதவல்லி பூக்கட்டிக்கொண்டிருந்த இரண்டு பெண்களின் உதவியோடு அவளைத் தூக்கி ஆட்டோவில் போட்டுக்கொண்டு நரசிம்மனிடம் போனாள். அவர் பார்த்த மாத்திரத்தில் பெரிய ஆஸ்பத்திரிக்கு எழுதிக் கொடுத்து, தானும் கூடவே வந்தார்.

ஊசி ஒரு வேளைகூடத் தப்பவில்லை, நான்தான் போட்டேன் என்று வேதவல்லி சத்தியம் செய்தாள். டாக்டர் நம்பினார். பிறகு மருந்தை எதில் வைத்திருந்தீர்கள் என்று கேட்டார். ஐஸ் பெட்டியில் என்றாள்.

"வெறும் ஐஸா?"

"மாமா உப்புப் போடுவாரு சார். குளுரு நிக்கும்னு."

"மருந்து உறைஞ்சு போகுமாம்மா?"

"கல்லாட்டம் ஆயிடும். உருட்டி உருக வெச்சுத்தான் போடுவேன்."

டாக்டர் அவளை வராந்தாவுக்குத் தள்ளிக் கூட்டிக்கொண்டு போனார்.

"அதுல உயிரே இல்லம்மா. கொஞ்சநஞ்சம் மிச்சம் இருந்ததாலதான் இந்தப் பொண்ணு இவ்வளவு நாள் ஓடியிருக்கா. அவ தின்னதால எதுவும் வரல."

நல்ல மருந்து ஏற்றினார்கள். பாட்டில் பாட்டிலாகத் தண்ணீர் ஏற்றினார்கள். மறுநாள் மத்தியானம் காயத்ரி செத்துப்போனாள். கடைசிவரை கண் திறக்கவில்லை.

டாக்டர் சொன்னதை வேதவல்லி கணவனிடம் மட்டும் சொன்னாள். பன்னீர்செல்வம் திறந்த வேன் கதவை மறுபடி சாத்தினான். "அப்பாராண்ட சொல்லாத வேதா. அவரு கையால வெச்ச ஐஸு. தெரிஞ்சா அவரையும் பறிகுடுக்கணும். பூட்டவ பூட்டா," என்றான். அவன் சொன்னதில் நியாயம் இருந்தது. அவள் வாயை மூடிக்கொண்டாள்.

ஆனால் துக்கம் கேட்க வந்தவர்களிடமெல்லாம் தர்மராஜ் ஒரே கதையைச் சொன்னார். வேறு எதுவும் அவருக்குத் தெரியாது. வாயைக் கட்டவில்லை, எங்களுக்குத் தெரியாமல் தின்றாள், தின்றே போய்ச் சேர்ந்தாள் என்றார். சொல்லும்போது அழுவார். கேட்டவர்கள் இந்தக் காலத்துப் பெண்கள், காலேஜ், ரயில், ஓட்டல் என்று தலையாட்டினார்கள். கருமாதிக்குள் அந்தக் கதை சொந்தக்காரர் எல்லோருக்கும் தெரிந்துவிட்டது. பந்தியில் பரிமாறிக்கொண்டு வந்த வேதவல்லியின் காதுபடவே ஒருத்தி பக்கத்து இலைக்காரியிடம், சமோசாவாத் துன்னுமாம் அந்தப் பொண்ணு என்றாள்.

வேதவல்லி சாம்பார் வாளியைக் கீழே வைத்தாள். வீட்டுக்குப் பின்னால் வேப்பமரத்தடியில் தனியாக நின்றிருந்த மாமனாரிடம் போய், ஐஸையும் உப்பையும் டாக்டர் சொன்னதையும் சொன்னாள். குரலை உயர்த்தவில்லை. யாரையும் குற்றம் சொல்லவில்லை. முழுக்கச் சொன்னாள்.

தர்மராஜ் தன் கைகளைப் பார்த்துக்கொண்டார். உப்பும் ஐஸும் அறுத்து அறுத்துக் காய்த்துப்போன கைகள். அவர் ஐஸைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை.

"அப்ப குயந்த ஒண்ணுமே துன்னலியா?"

"நாம குடுத்ததுதான் மாமா. வேற ஒண்ணும் துன்னல."

"பசிக்குதுன்னு சொல்லிகினே இருந்தாளே."

"ஆமா மாமா. நெசமாத்தான் பசிச்சிது."

அடுத்த பந்திக்கு இலை போட்டாயிற்று, வந்து சொல்லுங்கள் என்று யாரோ கூப்பிட்டார்கள். வீட்டுக்காரர் வந்து கை காட்டாமல் பந்தியில் யாரும் இலையில் கை வைக்க மாட்டார்கள். தர்மராஜ் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு போனார். இலை இலையாக நின்று, போட்டுக்கோங்க, இன்னும் கொஞ்சம் வெச்சிக்கோங்க என்று சொல்லிக்கொண்டே வந்தார். வரிசையின் நடுவில் அவருடைய பங்காளி ஒருவர், போதும் அண்ணாத்த என்று இலையை மறைத்துவிட்டு, ஆறுதலாக இருக்கட்டும் என்று, பொண்ணு கொஞ்சம் வாயக் கட்டியிருந்தா இன்னிக்கி நம்மகூட இருந்திருக்கும் என்றார்.

தர்மராஜ் நின்றார்.

"அவ ஒண்ணும் துன்னல. நாந்தான் சோறு போடல," என்றார்.

அடுப்படி வாசலில் கன்னியம்மா அப்பளத் தட்டோடு அப்படியே நின்றுவிட்டாள். பங்காளி இலையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அவர் ஒரு கவளம் எடுத்து வாயில் வைக்கும்வரை தர்மராஜ் அங்கிருந்து நகரவில்லை. பிறகு அடுத்த இலைக்குப் போனார்.